கடைசிக் கார் என்று வாங்கியவர்கள்



மழை வரும்போது திரிஷாக்காரர் என்ன செய்வார் என்பது பினாங்கையும் மலாக்காவையும் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னால் மடிந்து கிடக்கும் கூரையை இழுத்து முன்னால் கொண்டுவருவார். மழை விட்டதும் மறுபடியும் அதைப் பின்னுக்குத் தள்ளி மடக்கி வைப்பார். சில கம்பிகள், ஒரு துண்டுத் துணி, ஒரு கை. அவ்வளவுதான். இதே வேலையைச் செய்யும் கூரை ஒன்றை மோட்டார் காருக்கு வைத்து, அதை இழுக்கவும் மடக்கவும் மின்சார மோட்டாரைப் பொருத்தி, செல்வந்தர்கள் வாங்கும் மிக உயர்ந்த விலைக் கார்களில் ஒன்றாக விற்றார்கள். ஆங்கிலத்தில் இதனைக் கன்வெர்டிபிள் என்பார்கள். நாம் கூரை மடக்கும் கார் என்று சொல்லிக்கொள்வோம்.

இன்றைய உரையில் நாம் பேசப்போவது இத்தகைய கார்களின் வரலாற்றைப் பற்றி. குறிப்பாக, 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ‘இதுவே கடைசி’ என்று சொல்லி விற்கப்பட்ட கெடிலாக் எல்டொராடோ என்னும் காரைப் பற்றி. அதை வாங்கியவர்கள் அனுபவித்த இன்பம் என்ன? கார் கிழடானபோது அது அவர்களைப் படுத்திய பாடு என்ன?

தோட்டத்து மக்களாகிய நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. பேணி வைத்தால் ஒரு காரின் இரும்பு ஐம்பது ஆண்டுக்கு மேல் தாங்கும். கண்ணாடி அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். காரில் முதலில் வயது தெரிவது ரப்பரில்தான். ஆகவே பழைய காரின் கதையைப் பேசினால் ரப்பரின் கதையையும் பேசித்தான் ஆகவேண்டும்.

முதலில் தொடக்கத்திற்குப் போவோம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886ஆம் ஆண்டில் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். மூன்று சக்கரமும் ஓர் இருக்கையும் கொண்ட அந்த வண்டிக்குக் கூரையே கிடையாது. அதற்குப் பின் வந்த கார்களிலும் பெரும்பாலானவை திறந்த வண்டிகளே. குதிரை வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு இயந்திரத்தைப் பூட்டியது போன்ற அமைப்பு. மழை வந்தால் மேலே துணியை இழுத்துவிடுவார்கள். பக்கங்களில் படுதாவைத் தொங்கவிடுவார்கள். அந்தக் காலத்தில் கூரை மடக்கும் கார் ஆடம்பரம் அன்று. மலிவாகச் செய்யக்கூடியது அதுதான். எனவே எல்லாருக்கும் கிடைத்ததும் அதுதான்.

அந்த வண்டிகள் உடம்பை உலுக்காமல் ஓடுவதற்குக் காற்றடைத்த ரப்பர் டயர் தேவைப்பட்டது. 1839ஆம் ஆண்டில் சார்ல்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் பிசுபிசுக்காமலும் குளிரில் நொறுங்காமலும் நிற்கும் என்று கண்டுபிடித்திருந்தார். இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டவர் 1860இல் கடனாளியாகவே இறந்தார் என்பது வருந்தத்தக்க செய்தி. 1888ஆம் ஆண்டில் ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்கு உரிமை பதிவு செய்தார். முதலில் சைக்கிளுக்கும், சில ஆண்டுகளில் காருக்கும் அது வந்து சேர்ந்தது.

அவ்வளவு ரப்பர் எங்கிருந்து கிடைத்தது? தொடக்கத்தில் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டிலிருந்தே பெரும்பகுதி வந்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைப் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றிலிருந்து சில பேராக்கில் கோலகங்சார் போய்ச் சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனத் தொழிலதிபர் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார்.

அதன்பின் நடந்தது நம் முன்னோர் வரலாறு. 1908இல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வெளிவந்தது. காருக்குக் கார் டயர் வேண்டும். 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 சில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. காடுகள் அழிந்தன; தோட்டங்கள் எழுந்தன; தமிழ் மாவட்டங்களிலிருந்து கப்பல் கப்பலாகத் தொழிலாளர் வந்து இறங்கினர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரத்தில் கத்தி வைத்து, மங்கில் சொட்டிய வெள்ளைப் பாலை வாளியில் சேர்த்தவர்களுக்கு அது எங்கே போகிறது என்று சொன்னவர் யாருமில்லை. அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கார்களின் சக்கரத்துக்குத்தான் போயிற்று.

இந்தத் தொடர்பு எவ்வளவு இறுக்கமானது என்பதை ஒரு நெருக்கடியே காட்டியது. 1929இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 53 லட்சம் மோட்டார் வாகனங்கள் செய்யப்பட்டன. பொருளாதார மந்தத்தால் 1932இல் அது சுமார் 13 லட்சமாகச் சரிந்தது. ரப்பர் விலையும் பவுண்டுக்கு இரண்டு பென்னி அளவுக்கு இறங்கியது. தோட்டங்களில் வேலை குறைந்தது. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் மீண்டும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். டெட்ராய்டில் கார் விற்காவிட்டால் சிலாங்கூரிலும் பேராக்கிலும் லயத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை. இதை நாம் மறக்கலாகாது.

இனி மீண்டும் காரின் கூரைக்கு வருவோம். 1920களில் ஒரு மாற்றம் நடந்தது. இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி உடல் செய்யும் முறை வளர்ந்தது. அதனால் கூரையும் கண்ணாடிச் சன்னலும் வைத்து மூடிய காரின் விலை குறைந்தது. மழையிலும் பனியிலும் நனைந்தே பழகிய மக்கள், விலை கட்டுப்படியானதும் மூடிய காருக்குத் தாவிவிட்டார்கள். 1920களின் முடிவில் அமெரிக்காவில் விற்ற கார்களில் மிகப் பெரும்பாலானவை மூடிய கார்களாகிவிட்டன.

ஒரு பொருளை எல்லாரும் கைவிடும்போது அது சிலருக்கு மட்டும் உரிய பொருளாகிவிடுவது உண்டு. திறந்த காருக்கும் அதுவே நடந்தது. படுதாவுக்குப் பதிலாக மேலேற்றும் கண்ணாடி வந்தது. கூரைத் துணி தடித்தது. 1939இல் பிளைமவுத் நிறுவனம், கையால் இழுக்க வேண்டாத, விசையால் எழும்பும் கூரையைக் காரில் வைத்தது. மலிவுக் கார் என்று தொடங்கியது, மூடிய காரைவிடக் கூடுதல் விலைக் காராக மாறிவிட்டது.

அந்த வரிசையின் உச்சியில் நின்ற பெயர்களில் ஒன்று கெடிலாக். 1902இல் டெட்ராய்டில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், அந்த நகரை 1701இல் நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. 1953இல் அது எல்டொராடோ என்ற கூரை மடக்கும் காரை வெளியிட்டது. அந்த ஆண்டு செய்தவை 532 மட்டுமே. ஒன்றின் விலை 7,750 அமெரிக்க வெள்ளி. ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்ற நாளில் அத்தகைய காரில் நின்றுகொண்டுதான் ஊர்வலம் போனார். எல்டொராடோ என்பது ஸ்பானிய மொழிச் சொல். தென் அமெரிக்கக் காட்டுக்குள் ஒரு பொன்னரசன் இருக்கிறான் என்று நம்பி ஸ்பானியர்கள் தேடித் திரிந்தார்களே, அந்தக் கதையில் வரும் பெயர் அது. அவர்கள் தேடிய பொன் கிடைக்கவில்லை. ஆனால் அதே கண்டத்துக் காட்டிலிருந்து வந்த மரம்தான் பிற்காலத்தில் நம் நாட்டுத் தோட்டங்களை நிரப்பியது.

கூரை மடக்கும் கார்களின் பொற்காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தை ஒட்டி விற்ற இந்தக் கார்கள், பத்தே ஆண்டில் அடியோடு குறைந்துவிட்டன. என்ன காரணம்? ஒன்றல்ல, பல.

முதலாவது, காருக்குள் குளிர்சாதனம் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்ச்சியாகப் போகலாம் என்னும்போது காற்றுக்காகக் கூரையைத் திறப்பானேன்? இரண்டாவது, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நாடு முழுவதும் விரைவுச் சாலைகள் போடப்பட்டன. அந்த வேகத்தில் திறந்த காரில் போனால் காற்று முகத்தில் அறைகிறது. பேசுவது காதில் விழுவதில்லை. மூன்றாவது, 1965இல் ரால்ஃப் நேடர் கார்களின் ஆபத்தைப் பற்றி எழுதிய நூலும், 1966இல் வந்த பாதுகாப்புச் சட்டமும். கவிழ்ந்தாலும் நசுங்காத கூரை வேண்டும் என்று அரசு விதி போட்டால் துணிக் கூரைக்கு இடமிருக்காது என்று நிறுவனங்கள் அஞ்சின. நான்காவது, 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி. பீப்பாய்க்கு மூன்று வெள்ளி அளவில் இருந்த எண்ணெய், சில மாதங்களில் பன்னிரண்டு வெள்ளியை நெருங்கியது. பெரிய கார் வைத்திருப்பதே பெரும் பாரமாயிற்று.

அமெரிக்க நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இவ்வகைக் கார்களை நிறுத்தின. கடைசியில் மிஞ்சியது எல்டொராடோ ஒன்றுதான். 1976ஆம் ஆண்டு மாடலில் 14,000 கார்கள் செய்வது, அத்துடன் முடித்துக்கொள்வது என்று கெடிலாக் அறிவித்தது. 1976 ஏப்ரல் 21ஆம் நாள் கடைசிக் கார் டெட்ராய்ட் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. அந்த ஆண்டு அமெரிக்கா விடுதலை பெற்ற இருநூறாவது ஆண்டு. எனவே இறுதி 200 கார்களை ஒன்றுபோல வெள்ளையாகச் செய்தார்கள். வெள்ளை உடல், வெள்ளைக் கூரை, வெள்ளைத் தோல் இருக்கை, முன் மூடியில் சிவப்பும் நீலமுமான மெல்லிய கோடுகள். விக்கம் கொண்டுபோன விதைகளுக்கும் அது நூறாவது ஆண்டு. அந்த ஆண்டில் உலகிலேயே மிகுதியாக இயற்கை ரப்பரை விளைவித்த நாடு மலேசியாதான்.

அந்தக் காரின் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள். நீளம் பதினெட்டரை அடிக்கு மேல். எடை இரண்டேகால் டன்னுக்கு மேல். இயந்திரத்தின் கொள்ளளவு 8.2 லிட்டர். நம் ஊரில் அந்நாளில் ஓடிய சிறிய கார்களின் இயந்திரத்தைப் போல ஏழெட்டு மடங்கு! விலை ஏறத்தாழ 11,000 அமெரிக்க வெள்ளி. கடைசிக் கார் என்ற பேச்சுப் பரவியதும் மக்கள் முண்டியடித்தார்கள். பட்டியல் விலைக்கு மேல் கொடுத்தும் சிலர் வாங்கினார்கள். இன்று வாங்கிப் பூட்டி வைத்தால் நாளைக்குத் தங்கமாக விற்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

இந்த இடத்தில் வாங்கியவர்களை நாம் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டுவதற்காக வாங்கியவர்கள் ஒரு சாரார். பூட்டி வைப்பதற்காக வாங்கியவர்கள் மற்றொரு சாரார்.

ஓட்டியவர்கள் இன்பம் கண்டார்கள் என்பதில் ஐயமில்லை. மாலை வெயில் தணிந்த நேரம். கூரையை மடக்கிவிட்டு, மரங்கள் வரிசையாக நிற்கும் நாட்டுப்புறச் சாலையில் மெதுவாகப் போகிறார்கள். நிழலும் வெளிச்சமும் மாறி மாறி முகத்தில் விழுகின்றன. அறுத்த புல்லின் மணம், மழை நனைத்த மண்ணின் மணம், தூரத்துச் சமையலின் மணம், எல்லாம் தேடி வருகின்றன. மூடிய காரில் போகிறவர் சன்னலுக்கு வெளியே ஊரைப் பார்க்கிறார். இவர் ஊருக்குள்ளேயே உட்கார்ந்து போகிறார். அந்தப் பெரிய வண்டியின் மெத்தென்ற ஓட்டத்தில் சாலையின் மேடுபள்ளமும் தெரிவதில்லை. எண்ணெய் போட நிறுத்தினால் முன்பின் தெரியாதவரும் அருகில் வந்து பேசுவார். பழைய காரின் சொந்தக்காரருக்கு இது ஒரு தனி மகிழ்ச்சி. நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பலர் இந்தக் காரை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் வயதான ஆடம்பரக் காரை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பாகும். தீனி என்று நாம் சொல்வது எண்ணெயை மட்டும் அன்று. லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான் ஓடும் என்பது உண்மையே. ஆயினும் எண்ணெய்ச் செலவு ஓட்டும் நாளில் மட்டும்தான். மற்றச் செலவு நிறுத்தி வைத்த நாளிலும் உண்டு.

முதல் தொல்லை தண்ணீர். மூடிய காரின் கூரை உடலோடு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டது. துணிக் கூரையோ முன் கண்ணாடியின் மேல்விளிம்பில் வந்து உட்கார்ந்து, கொக்கி மாட்டி நிற்பது. கூரை சேருமிடத்திலும், ஒவ்வொரு சன்னலின் விளிம்பிலும், கதவின் ஓரத்திலும் தண்ணீரைத் தடுப்பது ஒரு ரப்பர்ப் பட்டைதான். அது புதிதாக இருக்கும்போது விரலால் அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். ஆண்டுகள் சென்றதும் அமுங்கியது அமுங்கியபடியே கிடக்கும், அல்லது இறுகி வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே மழைநீர் உள்ளே இறங்கும். கீழே விரித்த கம்பளம் நனையும், பூஞ்சணம் பிடிக்கும், அதன் அடியிலுள்ள இரும்புத் தரை கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் வண்ணம் பளபளக்கும். காலடியில் தரை ஓட்டையாகிக் கொண்டிருக்கும்.

இரண்டாவது தொல்லை கூரையை இயக்கும் பொறி. எல்டொராடோவில் பின் இருக்கை அகலமாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கூரைச் சட்டம் கத்தரிக்கோல் போல் உள்நோக்கி மடியும்படி அமைத்திருந்தார்கள். ஒரு மின்சார மோட்டார், அதிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு வளையும் தண்டுகள், அவற்றின் முனையில் பற்சக்கரப் பெட்டிகள். இரு பக்கமும் ஒரே வேகத்தில் எழும்பவேண்டும். ஒரு பக்கம் தேய்ந்து பின்தங்கினால், இரண்டு பேர் தூக்கும் சுமையில் ஒருவர் மட்டும் முந்தியது போலச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதைச் சீர்செய்யத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

மூன்றாவது, கண்ணில் படாத குழாய்கள். இந்தக் காரின் குளிர்சாதனத்தின் கட்டுப்பாடு உட்படப் பல வேலைகள், இயந்திரம் உறிஞ்சும் காற்றின் விசையால் நடந்தன. அந்த விசை மெல்லிய ரப்பர்க் குழாய்கள் வழியே போகும். ஒரு குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் இயந்திரம் தடுமாறும். குளிர்க்காற்று வேண்டிய இடத்தில் வராது. பெட்ரோல் போகும் பழைய ரப்பர்க் குழாய் இன்னும் ஆபத்தானது. இப்போது பல நாடுகளில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கிறார்கள். அதைத் தாங்கும்படி செய்யப்படாத அந்தக் காலத்துக் குழாய் உப்பி, மிருதுவாகி, கசியும். சூடான இயந்திரத்தின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

நான்காவது, உதிரிப் பாகங்கள். முன்னும் பின்னும் இடிதாங்கிக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூட வளையும் பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்தியிருந்தார்கள். வெயிலில் அவை காய்ந்த அப்பளம் போல நொறுங்கிவிட்டன. வண்ணம் மங்காத காரும் இதனால் பல்லிழந்த வாய் போலத் தோன்றும்.

இவ்வளவையும் கெடுப்பது எது? காற்றிலுள்ள பிராணவாயுவும், அதன் மற்றொரு வடிவமான ஓசோனும், வெயிலும், வெப்பமும்தான். ரப்பரின் நுண்ணிய இழைகளை இவை மெல்ல மெல்ல அறுக்கின்றன. கட்டிப்பாலையோ ஷீட்டையோ வெயிலில் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்பது தோட்டத்தில் வேலை செய்த எவருக்கும் தெரியும். கந்தகமும் மற்றப் பொருள்களும் சேர்த்த ரப்பர் நெடுநாள் தாங்குமே தவிர, என்றென்றும் தாங்காது. வெள்ளைப் பால் கறுப்பு டயராக மாறுவதற்கும் இதில் காரணம் உண்டு. நுண்ணிய கரித்தூளைச் சேர்த்தால் டயர் தேய்மானத்தைத் தாங்குகிறது. வெயிலின் தாக்குதலும் குறைகிறது. 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கையில் வீழ்ந்து இயற்கை ரப்பர் கிடைக்காமல் போனபோது, அமெரிக்கா பெருமளவில் செயற்கை ரப்பரைச் செய்யத் தொடங்கியது. 1976ஆம் ஆண்டுக் காரின் பட்டைகளும் குழாய்களும் பெரும்பாலும் அவ்வகைதான். ஆனால் அந்தக் காலத்தில் பரவிய ரேடியல் டயருக்கு இயற்கை ரப்பர் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆலையில் செய்தாலும் மரத்தில் வெட்டினாலும் முதுமை ரப்பரை விடுவதில்லை.

இப்போது பூட்டி வைத்தவர்களின் கதைக்கு வருவோம். காரைக் கொட்டகையில் நிறுத்தி, துணி போர்த்தி, சாவியைப் பெட்டியில் வைத்துவிட்டு அவர்கள் காத்திருந்தார்கள். ஆறே ஆண்டில் இடி விழுந்தது. 1982இல் கிரைஸ்லர் நிறுவனம் லெபேரன் என்ற கூரை மடக்கும் காரை வெளியிட்டது. அஞ்சிய விதி வரவே இல்லை, கேட்பவர்களும் இருந்தார்கள். மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1984இல் கெடிலாக் நிறுவனமே மீண்டும் ஓர் எல்டொராடோவைக் கூரை மடக்கும் காராக விற்றது. கடைசி என்று நம்பி வாங்கியவர்களில் சிலர் கொதித்துப்போய் வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்கு வெற்றி பெறவில்லை.

பண வீக்கத்தைக் கணக்கிட்டால், 1976ஆம் ஆண்டின் 11,000 வெள்ளி இன்றைய மதிப்பில் 60,000 வெள்ளியை ஒட்டி நிற்கும். நன்றாகப் பேணிய கார்களில் பலவும் அதைவிடக் குறைந்த விலைக்கே கைமாறுகின்றன. அதுவும் போகட்டும். பூட்டி வைத்த காருக்குள் என்ன நடந்தது? நகராமல் நின்ற டயர் தரையோடு அழுந்திய இடத்தில் தட்டையாயிற்று. தொட்டியில் தேங்கிய பெட்ரோல் பிசினாயிற்று. பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளிருந்து துருவை உண்டாக்கியது. அசையாத ரப்பர் இறுகிற்று. ஒரு மைல்கூட ஓடாத காருக்கும் வயது ஏறிக்கொண்டே இருந்தது. அவ்வப்போது ஓட்டியவரோ, எங்கே ஒழுகுகிறது, எங்கே சத்தம் வருகிறது என்று அறிந்து, அது சிறிதாக இருக்கும்போதே சரிசெய்தார். இன்பம் கண்டவரும் அவரே. பொருளைக் காத்தவரும் அவரே.

நேயர்களே, இத்தகைய காரை நாம் வாங்கப்போவதில்லை. ஆனால் பழைய கார் ஒன்றை வாங்கும் எண்ணம் நம் குடும்பங்கள் பலவற்றில் எழுவதுண்டு. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பலர் தோட்டத்தை விட்டு ஊர்ப்புறங்களில் குடியேறிவிட்டனர். வேலைக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் கார் தேவையாகிவிட்டது. மலிவாக வருகிறதே, பெரிய காராக இருக்கிறதே என்று கைக்காசைக் கொட்டுமுன், அந்த அமெரிக்கர்கள் பட்டதிலிருந்து நாம் சிலவற்றைக் கற்றுக்கொள்ளலாம்.

வண்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். குனிந்து ரப்பரைப் பாருங்கள். கதவோரப் பட்டையை விரலால் அழுத்துங்கள்; எழும்புகிறதா என்று கவனியுங்கள். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர்க் குழாயைப் பிடித்துப் பாருங்கள். கல்லாக இறுகியோ, கூழாகத் தளர்ந்தோ இருக்கக்கூடாது. கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பூஞ்சண வாடை வந்தால் அடியில் துரு இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பூ நன்றாகத் தெரிந்தாலும் பத்து ஆண்டு கடந்த டயரை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கும் விலையை மட்டும் எண்ணாமல், மூன்றாண்டு பேணும் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். டயர், பிரேக், குழாய், காப்புறுதி, சாலைவரி, மெக்கானிக்கின் கூலி. ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்த கார் விலையில் மலிந்தாலும், அதன் உதிரிப் பாகங்கள் மலிவதில்லை. அந்தச் செலவையும் தாங்க முடியும் என்று தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள். வாங்கியபின் பூட்டி வைக்காமல் ஓட்டுங்கள். குடும்பத்தோடு போய் வாருங்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பதினெட்டரை அடி நீளமும் இரண்டேகால் டன் எடையும் கொண்ட செல்வந்தரின் காரும், நான்கு ரப்பர் வளையங்களின் மேல்தான் நிற்கிறது. அந்த ரப்பருக்காக விடியுமுன் எழுந்து நிரை பிடித்தவர்களில் உங்கள் தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள் என்பதை அவர்கள் அறிந்து வளரட்டும்.